கழுத்தில் சுண்ணாம்பு

விருத்தாசலத்துப் பீங்கான் சூளை கழித்துப்போட்ட கோப்பைத் துண்டு ஒன்றைப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கல்லில் தேய்த்து வட்டமாக்குகிறாள் ராஜாம்பாள். பாண்டி ஆடுவதற்கான சில்லு அது, ஆடப்போவது அவளில்லை. போன வருஷம் தொண்டை வலியில் தொடங்கிய காய்ச்சல் முட்டிகளை வீங்கவைத்துவிட்டு இதயத்தில் தங்கிவிட்டது. மாதம் தவறாமல் ஊசி போடுகிறார்கள்; ஓடவோ குதிக்கவோ கூடாது என்றிருக்கிறார்கள். எதிரே காலை வெயிலில் பிள்ளைகள் வரிசையாக நிற்க, நர்ஸ் ஆனந்தவல்லி ஒவ்வொரு மோவாயாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு வருகிறாள். தொண்டை வலித்தால் இந்த ஊர் அம்மாக்கள் கழுத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். அந்த வெள்ளைத் தீற்றலைக் கண்டால் தொண்டையைப் பார்த்துப் பெனிசிலின் போட்டுவிடுகிறாள். வரிசையின் கடைசியில் தங்கை சொர்ணம் எச்சில் தொட்டு, பாவாடை நுனியால் கழுத்தை அவசரமாகத் துடைக்கிறாள். ராஜாம்பாளின் கை நின்றுபோகிறது. “நர்ஸம்மா, என் தங்கச்சி சுண்ணாம்பத் தொடச்சிட்டா. அம்மா காலையிலதான் தடவுனாங்க. அவளுக்குப் போடுங்க.” ஸ்பிரிட் வாசனை மரத்தடி வரை வருகிறது. ஊசி போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, அழுதபடியே வந்து நிற்கிறாள் சொர்ணம். “ஒங்கூடப் பேசமாட்டேன், போக்கா.” ராஜாம்பாள் சில்லின் மேலிருக்கும் தூளை ஊதிவிட்டு, அதைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடுகிறாள். “பேசாட்டிப் போ. வலி நின்னதும் நீ ஆடு. நான் பாக்கணும்.”