பக்கத்துப் புள்ளி

ஒரே ஒரு தாராவியில் ஒரே ஒரு கட்டடம். அந்தக் கட்டடத்துக்கு ஒரே ஒரு மொட்டை மாடி. அதற்குப் பூட்டுப் போடுவதா வேண்டாமா என்று ஏழு மாடி சனமும் இரண்டாகப் பிரிந்து நின்றது.

"ராத்திரியில பயலுவ குடிச்சிட்டு பாட்டில ஒடைக்கானுவ. மாடிய ஒரேயடியாப் பூட்டிருவோம்" என்று செகரெட்டரி இசக்கிதுரை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்.

மாரிசெல்வி உடனே போனைக் கையில் எடுத்தாள். அப்பளம் போட்டு கிங்ஸ் சர்க்கிள் கடைகளுக்குக் கொடுக்கிறவள். காயவைக்க அந்த மாடியை விட்டால் அவளுக்கு வேறு வெயில் ஏது?

"பூட்டுன்னு ஒண்ணு தொங்கவே கூடாது, சொல்லிட்டேன்!" என்று பேசி அனுப்பினாள்.

எதிர்வீட்டுக் கோகிலவாணியைத்தான் மலைபோல நம்பியிருந்தாள். ஒரு கூட்டத்துக்குள் கருத்து எப்படிப் பரவுகிறது, எப்படி இரண்டாகப் பிளக்கிறது என்று கணக்குப் போட்டு ஆராய்ச்சி பண்ணுகிற பெண்.

அவளோ குரூப்பில், "அண்ணாச்சி சொல்றது சரி, பூட்டிரலாம்" என்று போட்டாள்.

"என் அப்பளத்தத் தின்ன வாய்தானா இது!" மாரிசெல்வி பொருமினாள்.

ஆறுதல் சொல்ல வந்தது யாரென்கிறீர்கள்? செகரெட்டரியின் பெண்டாட்டி முருகம்மாளே வந்தாள்.

"அந்த மனுசன் கெடக்காரு. நான் உன் பக்கம்தான் மாரி. பூட்டே கூடாது."

"மதினின்னா மதினிதான்!"

தினமும் சாயங்காலம் வந்தாள், டீ குடித்தாள், புருஷனைத் திட்டினாள். ஒருநாள், "பயலுவ போடுற சிகரெட் சாம்பல் நீ அப்பளம் காயப்போடுற எடத்துலல்லா கெடக்கு" என்றாள். இன்னொரு நாள், "ராத்திரி பூட்டி, சாவி உன் கையில இருந்துட்டா ஒரு பய ஏற முடியுமாட்டி?" என்றாள். மாரிசெல்விக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாடியிலேயே கூட்டம். கைகலப்பைப் பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். இசக்கிதுரையே எழுந்தார்.

"காலி பீலி, வீணா சண்டை எதுக்கு? பகல்ல தெறந்து கெடக்கட்டும். ராத்திரி பூட்டுவோம். சாவி மாரிசெல்விகிட்ட இருக்கட்டும். என்னம்மா?"

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன் அண்ணாச்சி!"

கூட்டம் கலைந்தது. சாவியை இடுப்பில் செருகிய கையோடு மாரிசெல்வி கோகிலவாணியைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்சி மாறுனியே, இப்ப உன் அண்ணாச்சியே மாறிட்டாரு பாத்தியா?"

"தானா மாறலக்கா. எங்க கணக்குல ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. தூரத்துப் புள்ளி கத்துனா இன்னும் விலகித்தான் போகும். பக்கத்துப் புள்ளி நகந்தா கூடவே நகரும். அதான் அவர் பக்கத்துல போய் நின்னேன். 'பூட்டலாம், ஆனா பகல்ல வேண்டாமே', 'சாவி மாரியக்காகிட்ட இருக்கட்டுமே'ன்னு தினம் கொஞ்சம் கொஞ்சமா நகந்தேன். அவரும் வந்துட்டாரு."

மாரிசெல்வி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"எம்மா, உன்னப் போயி என்னென்ன பேசிட்டேன்! ஆனாலும் ஒரு ஆம்பள இப்படியா புள்ளி மாதிரி நகருவாரு? என்னப் பாரு. மொத நாள்லருந்து ஒரே சொல்லு. இம்மி நகரலயே!"

கோகிலவாணி உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

பின்னால் நின்ற முருகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி, கோகிலவாணியைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.