கோடு நகர்ந்த நாள்

ஓர் அணு உலையின் வாசலில் கதிர்வீச்சை அளக்கும் மானி ஒன்று இருந்தது. அதற்கு மேலே ஒரு வெண்கல மணி தொங்கியது. மானியின் முள் இருபதில் போட்ட சிவப்புக் கோட்டைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

மலைக்கு அந்தப் பக்கத்து உலை வெடித்தபோது அந்தக் காற்று இங்கேயும் வந்தது. முள் முப்பதுக்கு ஏறியது. மணி ஓயாமல் அடித்தது. மேலிடம், "மணி ரிப்பேர்" என்று சொல்லி ஆட்களை உள்ளே அனுப்பியது. பாதுகாப்புக்கு ஒரு குழுவும் போட்டது. காதைப் பொத்திக்கொண்டு மூன்று நாள் பேசிய குழு, சிவப்புக் கோட்டை அழித்து நூறில் வரைந்தது.

மணி அப்போதும் அடித்தது.

"நிறுத்துப்பா, இப்போ எல்லாம் விதிப்படிதான் இருக்கு," என்றது கோடு, ஈரம்கூடக் காயாமல்.

"முள்ளண்ணே, நீங்க இறங்கிட்டீங்களா?" என்று மணி கேட்டது.

"எங்கே இறங்க? முப்பதுலதான் நிக்கிறேன்."

"அப்போ நானும் அடிப்பேன். கோடுதானே நகர்ந்துச்சு, காத்துல இருக்கிற நஞ்சு அப்படியேதானே இருக்கு?"

அன்று மாலையே குழு மணியின் நாக்கைக் கழற்றிக்கொண்டு போனது. மணி திறந்த வாயோடு அங்கேயே தொங்கியது.

மறுநாள் காலை ஷிப்டுக்கு முதலில் வந்த மாசிலாமணி, சத்தம் இல்லையே என்று நிமிர்ந்து பார்த்தான்.

"ரிப்பேர்னா சரி பண்ணுவாங்க. நாக்கை எதுக்குப் புடுங்கினாங்க?" என்றவன் சைக்கிளைத் திருப்பினான்.

அவன் பின்னால் வந்த நானூறு சைக்கிள்களும் திரும்பின. ஒவ்வொன்றும் மணி அடித்துக்கொண்டே போயிற்று.