இரண்டாவது கேள்வி

"புகார் எழுத்துலயே இருக்கு டீச்சரம்மா. அந்த வரலாற்று வாத்தியாரைக் கூப்பிடுங்க. அவர் முன்னாலதான் பேசுவேன்."

ஸ்மாரோ கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். துறைமுகத் தெருவில் சுற்றுலா வருகிறவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விடுகிறவள். அவள் குரல் உயர்ந்தால் அந்தக் கிரேக்கத் தீவில் படகோட்டிகளே வாயை மூடிக்கொள்வார்கள்.

"மொதல்ல ஒரு காபி குடி, ஸ்மாரோ" என்றாள் தலைமையாசிரியை கல்யோப்பி. "பால் விடல. ஈஸ்டர் நோன்புன்னு எனக்கும் தெரியும்."

"நோன்புல கோபப்படவும் கூடாதுதான். என்ன பண்றது? கூப்பிடுங்க."

முந்தா நாள்தான் மருந்துக்கடைக்காரர் அதே வாத்தியார்மேல் ஒரு புகார்க் கடிதம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எழுத்தில் இன்னொன்று வந்தால் போதும், வாத்தியார் ஸ்தெர்யோஸ் இந்த வாரமே வேறு தீவுக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

"அவர் தங்கமான மனுஷன் ஸ்மாரோ. விடிஞ்சும் விடியாம கேட்டுக்கு வெளியில வந்து நிக்கறார். சாயங்காலம் துப்புரவுக்காரம்மா விளக்கை அணைச்சாதான் கிளம்பறார். இப்படி ஒருத்தர் எனக்கு மறுபடி எங்க கிடைப்பார்?"

வேறு வழியில்லாமல் கல்யோப்பி அவரைக் கூப்பிட ஆளனுப்பினாள். கதவு திறந்தது. விரலில் சாக்கட்டித் தூளும் உடம்பில் கசங்கிய சட்டையுமாக ஸ்தெர்யோஸ் உள்ளே வந்தான். மூன்று வருடங்களுக்கு முன் மலை ஊர் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்தவன்.

"வணக்கம், ஸ்மாரோ அம்மா."

"வணக்கம் இருக்கட்டும். செத்தவங்களுக்காகக் கோயில்ல வாசிக்கப் பாதிரியார்கிட்ட கொடுக்கிற பேர்ச் சீட்டு. அதைக் கிளாசுக்கு எடுத்துட்டு வரச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஏன், உங்க புத்தகத்துல பக்கம் தீர்ந்துபோச்சா?"

"புத்தகத்துல மூணு வரிதான் இருக்கு அம்மா. 1922-ல கடலுக்கு அந்தப் பக்கம் துருக்கிக் கரையில ஸ்மிர்னா நகரம் எரிஞ்சது, அகதிங்க படகுல தீவுகளுக்கு வந்தாங்க. அவ்வளவுதான். யாரு வந்தாங்க, யாரு சேர்த்துக்கிட்டாங்கன்னு உங்க சீட்டுங்களுக்குத்தான் தெரியும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுது." ஸ்மாரோ கல்யோப்பியின் பக்கம் திரும்பினாள். "எங்க சீட்டுல பதினேழு பேரு. கடைசிப் பேரு அர்கிரோ. நூறு வருஷமா அவளுக்கும் சேர்த்துத்தான் கோதுமை வேக வெச்சுக் கோயிலுக்குக் கொண்டுபோறோம். யாருன்னு வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. நம்ம ஆளுதான்னு நானும் இருந்துட்டேன். என் மக மிர்ஸினி விட்டாளா? பெரியம்மாவுக்குப் போன் போட்டு நச்சரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டா."

"யாராம்?"

"எங்களுக்கு எந்த உறவும் இல்ல. எங்க ஆளுங்க ஆறு பேரு நனைஞ்ச துணியோட வந்து எறங்கினப்போ, தன் படுக்கையறையை விட்டுக்கொடுத்துட்டு கோழிகளோட படுத்தவ. அவ கதவைத் தெறக்கலேன்னா நான் ஏது, என் வாய் ஏது?"

"ஊராவது நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள் கல்யோப்பி. யாரும் சிரிக்கவில்லை.

"அதோட விட்டாரா? ரெண்டாவதா ஒரு கேள்வி கொடுத்தாரே! 'இன்று நம் ஊரில் வீடில்லாமல் இருப்பவர் யார்? தேடிப் பார்த்து எழுதுக.' அதான் என் புகார். மூணு நாளா நான் தூங்கல."

ஸ்தெர்யோஸ் தலைகுனிந்து நின்றான்.

"உங்களைக் கஷ்டப்படுத்தியிருந்தா மன்னிச்சிருங்க அம்மா. பழசைக் கேட்டு ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுட்டுப் பசங்க எழுந்து போயிடக் கூடாதுன்னு நெனச்சேன். அதே படகுத்துறையில இன்னிக்கு யாரு நிக்கறாங்கன்னு பார்க்கத் தெரியணும். அது தெரியலேன்னா, அர்கிரோ யாருன்னு தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

ஸ்மாரோ கைப்பையிலிருந்து ஒரு நீல நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கல்யோப்பியிடம் நீட்டினாள்.

"மிர்ஸினி எழுதின விடை. இவர் இன்னும் பார்க்கல. நீங்களே படிங்க, சத்தமா."

கல்யோப்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"'நான் தேடியதில் ஒருவர் கிடைத்தார். மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய காரில் தூங்குகிறார். ரொட்டி வாங்கப் போகும்போது பார்த்தேன். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பதில் கார் ஜன்னலைப் பார்த்துத் தலை சீவினார். போன மாதம்வரை ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். ஈஸ்டருக்கு வரும் விருந்தாளிகளுக்காக வர்ணம் பூச வேண்டும் என்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஊரில் எல்லா அறைகளும் அப்படித்தான் என்பதால் வேறு இடம் கிடைக்கவில்லை.'"

கல்யோப்பி சிலுவை போட்டுக்கொண்டாள். "கடவுளே, நம்ம ஊர்லயா? யாரு இது? எந்த நாட்டுக்காரர்?"

ஸ்தெர்யோஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னும் ரெண்டு வரி இருக்கு" என்றாள் ஸ்மாரோ. அவள் குரலை அவ்வளவு மெல்லியதாகக் கல்யோப்பி கேட்டதே இல்லை. "அதுக்காகத்தான் சார், நன்றி சொல்ல வந்தேன். யாராவது தங்க இடம் கொடுத்திருப்பாங்கன்னு நான் நெனைச்சுக்கிட்டேன். சத்தியமா விசாரிக்கல."

கல்யோப்பி குனிந்து படித்தாள்.

"'அவர் எங்கள் வரலாற்று ஆசிரியர். அந்த வீட்டுக்காரர் என் அம்மா.'"

ஸ்மாரோ மேசைமேல் ஒரு சாவியை வைத்தாள். "வர்ண வாசனை இன்னும் போகல சார், காலையிலேர்ந்து ஜன்னலைத் தெறந்து வெச்சிருக்கேன்."