நாளைக்கு சார் மீது ஒரு புகார்

"கோப்பு எங்க சார்?"

"நாளைக்கு வாங்க."

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க."

"அப்ப நேத்து கேட்டதையே இன்னைக்கும் கேட்டுக்குங்க."

ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறை அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூக்கு நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடியோடு பென்சில் சீவிக்கொண்டிருந்தார். ஆய்வு மாணவர்கள் அவருக்கு 'நாளைக்கு சார்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

எதிரே நின்ற ஆய்வு மாணவிக்கு வேண்டியது ஒரே ஒரு கோப்பு. அந்தக் காலத்தில் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களைப் போலீஸ் சுட்டது. ஒருவர்கூடச் சாகவில்லை என்றது அரசு அறிக்கை. அன்றைக்கு மருத்துவமனை என்ன சொன்னது என்பது அந்தக் கோப்பில் இருந்தது.

"அதைக் கண்ணால பாக்காம எழுதினா, அந்த அத்தியாயத்தையே வெட்டிடுவேன்" என்று அவளுடைய பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த அத்தியாயம் போனால் அவள் ஆய்வில் மிச்சம் அட்டைதான்.

"ஒரு காரணமாவது சொல்லுங்க சார்."

"காரணம் சொல்றதுக்கு எனக்குச் சம்பளம் இல்லைம்மா."

"ஆராய்ச்சி பண்றவங்கன்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா?"

"பண்ணி என்ன ஆகப்போகுது? செத்தவங்க எந்திரிச்சா வரப்போறாங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. சாதாரணமாக அவள் பேசினால் பக்கத்து நாற்காலிக்கே கேட்காது. இப்போது வாசிப்பறை முழுக்கக் கேட்டது.

"உங்க மேல புகார் கொடுக்கப்போறேன்."

"தாராளமா. வாயால சொன்னா செல்லாது, எழுதணும். கோப்பு எண்ணைப் போட மறந்துடாதீங்க." ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். "பேனா இருக்கா, இல்லை அதுவும் நான்தான் தரணுமா?"

என்ன ஒரு திமிர். அங்கேயே உட்கார்ந்து வெளுத்து வாங்கினாள். ஆராய்ச்சிக்கு முட்டுக்கட்டை, கடமையில் அலட்சியம், வாயில் மரியாதை கிடையாது. எதையும் விடவில்லை.

அவர் வாங்கி ஒரு எழுத்து விடாமல் படித்தார். முத்திரையை நங்கென்று குத்திப் பதிவும் செய்தார்.

"கடைசிப் பத்தியில இன்னும் கொஞ்சம் காரம் சேத்திருக்கலாம்" என்றார்.

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து நின்றார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.

"அழிக்கவேண்டிய கோப்பெல்லாம் கட்டி வச்சாச்சா? வண்டி வாசல்ல நிக்குது."

"எல்லாம் தயார் சார். துறைமுகக் கோப்பு மட்டும் வராது."

வந்தவரின் முகம் மாறியது. "அதைத்தானே மேல கேக்கறாங்க."

"அது சம்பந்தமா ஒரு புகார் நிலுவையில இருக்கு. புகார் முடியாம கோப்பை அழிக்கக்கூடாது, வெளியேயும் அனுப்பக்கூடாது. நீங்க போட்ட விதிதான் சார்."

"யார் மேல புகார்?"

"என் மேலதான்."

வந்தவர் தாளைப் பிடுங்கிப் படித்தார். "வருஷம் பூரா உங்க மேல புகார். உங்களோட சேர்ந்தவங்கல்லாம் இயக்குநர் ஆயிட்டாங்க. நீங்க இன்னும் இதே நாற்காலியைத் தேய்ச்சிட்டிருக்கீங்க. மனுஷங்ககிட்ட தன்மையாப் பேசவே வராதா?"

"வரமாட்டேங்குதே சார்" என்று தலையைச் சொறிந்தார்.

வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. நாளைக்கு சார் உள்ளே போய், நாடா கட்டிய ஒரு கோப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"அழிக்கிற பட்டியல்ல ஏறின கோப்பை யாருக்கும் காட்டக்கூடாது. புகார் கொடுத்தவங்களுக்குக் காட்டலாம். நிதானமா படிங்க. என் மேல நடக்கிற விசாரணை லேசுல முடியாது."

அவள் நாடாவில் வைத்த கையை எடுத்தாள்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

"என் மேல புகார் எழுதுங்கன்னு நானே கேட்டா அது செல்லுமா? நேத்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், உங்களுக்குக் கோபமே வரலை. பயந்தே போயிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கரித்தது.

"எழுதி முடிச்சதும் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் சார். உங்க பதவி உயர்வாவது…"

"அந்த உதவி மட்டும் செஞ்சுடாதீங்கம்மா." பின்னால் கூரை வரைக்கும் நிறைந்திருந்த அலமாரியைக் காட்டினார். "அது பூரா, யாராவது என்னைத் திட்டினதால பிழைச்சுக் கிடக்குற கோப்புங்க."