ஆறட்டும் என்று வைத்த பொங்கல்

உச்சிப்புளியில், வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் நாகஜோதி, பிரிட்ஜிலிருந்து எடுத்த சர்க்கரைப் பொங்கலில் பால் தெளித்துக் கிளறுகிறாள். யாழினிக்கு இன்று பிறந்தநாள், இரண்டு வயது. முதல் பஸ்ஸில் இறால் கம்பெனிக்குப் போகும் அவள் அம்மா ஈஸ்வரி, நேற்றே பொங்கிக் கொடுத்தது. அடிவரை ஆவி பறக்கச் சூடேற்றித் தட்டில் பரப்புகிறாள் நாகஜோதி. நெய் வாசத்துக்கு யாழினி வாயைத் திறந்தபடி வந்து உட்காருகிறாள். “பொறு தங்கம், வாய் வெந்துரும்.” அதற்குள் தொட்டில் பிள்ளை வீறிடுகிறது. அதற்குத் துணி மாற்றிவிட்டு வந்து பார்த்தால், ஜன்னல் வெயில் விழும் தரையில் யாழினி தூங்கிக் கிடக்கிறாள். கன்னத்தைத் தட்டினாலும் கண் திறக்கவில்லை. இனி சாயங்காலம்தான் எழுவாள். இந்த வெக்கையில் அதுவரை பொங்கல் தாங்காது. ஒருமுறை சுடவைத்ததைத் திரும்பவும் பிரிட்ஜில் வைத்து மறுபடி சுடவைத்துப் பிள்ளைகளுக்கு அவள் கொடுப்பதும் இல்லை. ஒரு வாயாவது ஊதி ஊட்டிவிட்டுப் போயிருக்கலாம். போன் அடிக்கிறது.

“அக்கா, பொங்கல் சாப்பிட்டாளா?”

“ஆற வச்சேன் ஈஸ்வரி. அதுக்குள்ள தூங்கிட்டா.”

“ஒரு வாய்கூடத் திங்கலையா?”

“இல்லத்தா.”

“சரிக்கா, கொட்டிராதீக. நீங்களாச்சும் சாப்பிடுங்க. அவளுக்குன்னு முந்திரியப் பொடிப்பொடியா நுணுக்கிப் போட்டேன்.”

தட்டில் இன்னும் இளஞ்சூடு இருக்கிறது. பிள்ளைகள் தூங்கும்போது கதவைக்கூட ஓசைப்படாமல் சாத்துகிற நாகஜோதி, கரண்டியால் தட்டின் விளிம்பில் தட்டுகிறாள். இன்னொரு தடவை, சற்றுப் பலமாக. யாழினி சுவர்ப்பக்கம் புரண்டு படுக்கிறாள்.