ஒரு தடவையாவது பறிச்சுட்டு

தையல் மிஷின் ஜன்னலை விட்டு நகர்ந்து கதவோரமாக நின்றது. அதன் மேல் இரண்டு அட்டைப்பெட்டிகள் வேறு. உள்ளே வந்த வீட்டு ஓனரின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“அதுக்குள்ள மூட்டை கட்டிட்டீங்களா?” என்றார்.

“ஜன்னலைத்தான் சார் காலி பண்ணினோம். நாத்துக்கு வெயில் வேணும்ல? பெட்டியில இருக்கறது மண்ணு,” என்றாள் குடியிருந்த தையல்காரி.

குளிர்காலம் முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. வெளியே தோட்டத்து மண் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. குளிர் விட்ட பிறகு விதைத்தால் காய்ப்பதற்குள் அடுத்த குளிர் வந்துவிடும் என்பதால், அவள் இப்போதே வீட்டுக்குள் விதை போட ஆரம்பித்திருந்தாள். முட்டை அட்டை, தயிர் டப்பா, பிடி உடைந்த டீ கப் என்று ஜன்னலோரம் முழுக்க மண்ணாக இருந்தது.

ஓனர் எதற்கு வந்திருக்கிறார் என்பது ஒரு வாரமாகத் தெரிந்த விஷயம்தான். அவர் மனைவியின் தம்பி குடும்பத்தோடு இந்த ஊருக்கே வரப் போகிறானாம். ஓனர் குடியிருப்பது அடுத்த காம்பவுண்டு. அக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று தம்பிக்கு ஆசையாம், அதனால் இந்த வீட்டைக் காலி பண்ணித் தர வேண்டுமாம்.

ஆறு வருஷத்தில் இது தையல்காரிக்கு நாலாவது வீடு. நட்ட எதையும் அவள் தன் கையால் பறித்ததில்லை. தக்காளி சிவக்கிற நேரம் பார்த்து வாசலில் லாரி வந்து நிற்கும், பழம் அடுத்து வருகிறவர்கள் வாய்க்குப் போகும்.

இந்தத் தடவை நகர்வதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். புருஷனைக் கேட்கவில்லை. அவன் பஸ் டிரைவர்தான், ஆனால் வீட்டில் ஸ்டியரிங் அவன் கையில் இல்லை.

“ஒண்ணே ஒண்ணு சார். போட்ட விதையில ஒரு தடவையாவது பறிச்சுட்டுப் போயிடறோம். அது வரைக்கும் டைம் குடுங்க.”

ஓனர் ஜன்னலருகே போய்க் குனிந்தார். “இது என்ன?”

“தக்காளி சார்.”

“எவ்வளவு நாளாகும்?”

“நாலு மாசம்.”

“அவ்வளவுதானா?” என்று பெருமூச்சு விட்டார்.

ஓனருக்குப் பின்னால் நின்றிருந்த டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டான். கெஞ்சுகிற நேரத்தில் மனுஷன் நக்கல் வேறு பண்ணுகிறாரே!

“இது?”

“கத்தரிக்கா. அஞ்சு மாசம் பிடிக்கும்.”

ஓனர் உதட்டைப் பிதுக்கினார். “ஃப்ரிட்ஜ் மேல வெச்சிருக்கறது?”

“மிளகா சார். சூடு இருந்தாத்தான் முளைக்கும். ஆறு மாசம் வெச்சுக்குங்க.”

கொஞ்சம் குறைத்துச் சொல்லேன் என்று டிரைவர் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினான். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“டம்ளர்ல ஏதோ ஊறுதே?”

“அது ஆஸ்பரகஸ் சார். தரையிலேர்ந்து குச்சி குச்சியா முளைச்சு வரும். வெட்டி வதக்கிச் சாப்பிடலாம்.”

“அதுக்கு எவ்வளவு நாள்?”

தையல்காரி ஒரு டப்பாவில் மண்ணைக் கிளற ஆரம்பித்தாள். “அது கொஞ்சம் மெதுவாத்தான் வரும் சார்.”

டம்ளர் பக்கத்தில் கிடந்த விதைப் பாக்கெட்டை ஓனர் எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தையல்காரி மண்ணைக் கிளறுவதை நிறுத்திவிட்டாள்.

“எழுத்து ரொம்பப் பொடிசு. ஒண்ணும் தெரியல,” என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் அவர் போன் அடித்தது. பேரைப் பார்த்துவிட்டு, அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

“சரிம்மா. இங்க இருக்கற எல்லாத்தையும் ஒரு தடவை பறிச்சுட்டே போங்க.”

“எல்லாத்தையுமா சார்?”

“எல்லாத்தையும். ஒண்ணு பாக்கி இருந்தாக்கூட நகரக் கூடாது. வேணும்னா எழுதியே தர்றேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. அவளுடைய அளவு நோட்டை எடுத்து, யாரோ ஒருவருடைய இடுப்பளவுக்குக் கீழே அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ஆறு மாசம்! தங்கமான மனுஷன். நாளைக்கே வேற வீடு பாக்க ஆரம்பிச்சிடறேன்.”

“எதுக்குங்க? ஆஸ்பரகஸை முதல் ரெண்டு வருஷம் தொடவே கூடாது. மூணாவது வருஷம்தான் வெட்டணும். பாக்கெட்டுலயே போட்டிருக்கு.”

டிரைவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். “அடிப்பாவி! வெகுளி மனுஷனை ஏமாத்திட்டியே! இனி அவர் வீட்டம்மா அவரை உண்டு இல்லைன்னு பண்ணிட மாட்டாங்களா?”

அவளுக்கும் உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. வீடு போனாலும் போகிறது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாசலுக்கு ஓடினாள்.

ஓனர் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தார். காதில் போன். குரலில் அப்படி ஒரு வருத்தம்.

“என்ன பண்றது, வாக்குக் குடுத்துத் தொலைச்சிட்டேனே! உன் தம்பியை மூணு வருஷம் கழிச்சு வரச் சொல்லு.”