தொடாத கால்

'ஆகஸ்டு 6. இன்று பாதத்தைத் தொடும் முன்பே அவசரப்பட்டு "தெரியுதா?" என்று கேட்டுவிட்டேன். தவறுதான்.' மாலைப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து ரீபா நாட்குறிப்பில் எழுதினாள்.

சர்க்கரை நோயால் மரத்துப்போன கால்களுக்கான புது மருந்தின் ஆய்வில் அவளுக்கு வேலை. நோயாளியைக் கண்மூடச் சொல்லி, நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுக் கேட்பாள். நோயாளி சங்கிலிபூதத்தானுக்கு இதுவரை தொட்டது எதுவும் தெரியவில்லை. உணர்ச்சி திரும்பாவிட்டால் காலை எடுத்துவிடுவார்கள்.

ஆனால் இன்று அவள் தொடாமல் கேட்டபோது அவர் சிரித்தார்.

"தெரியுது தாயி! கல்லிடைக்குறிச்சி படித்துறையில மீனு கடிக்க மாதிரி கூசுது. பைய, பைய!"

"அண்ணாச்சி, நான் இன்னும் தொடவே இல்லையே."

"அப்ப மீனுதான்."

அவள் குனிந்து பார்த்தாள். உள்ளங்காலில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்து மறைந்தன. கட்டில் விரிப்பு நனைந்திருந்தது.

'நாளை காலை விரிப்பை மாற்றிவிட்டு, மறுபடியும் தொடாமல் கேட்க வேண்டும்' என்று எழுதி முடித்தாள்.